கோட்டு மேலே விழுந்த பந்து

மறதி நோய் வந்ததிலிருந்து கையைத் தூக்கச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவள் சுகிர்தம். பிசியோதெரபிஸ்ட் நிலோபர் அவள் கண்களின் மேல் மெய்நிகர்க் (வி.ஆர்.) கருவியை மாட்டினாள். உள்ளே ஒரு பூப்பந்து மைதானம். இளமையில் மாவட்ட அணிக்கு ஆடியவளை நோக்கிப் பந்து வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து ஓங்கி அடித்தாள் சுகிர்தம்.

“அம்மா, சூப்பர்! இன்னொண்ணு வருது!” என்று கத்தினாள் நிலோபர்.

இடுப்பை வளைத்து, காலை மாற்றி வைத்து, மறுபடியும் ஓர் அடி. அருகில் நின்ற கணவர் தேவசகாயத்தின் கண்ணுக்குப் பந்து தெரியவில்லை. ஆனாலும் அடக்கமுடியாமல், “அவுட்டு!” என்றார்.

“எது அவுட்டு? கோட்டு மேல விழுந்துச்சு. கண்ணு என்ன பொட்டையா உங்களுக்கு?”

ஆட்டத்திலிருந்து குழம்பின் உப்புவரை எல்லாவற்றுக்கும் அவரோடு மல்லுக்கு நின்றவள், இரண்டு வருடமாக, “நீங்க யாரு சார்?” என்று மரியாதையாகக் கேட்பதோடு சரி.

“அவுட்டுதான்!” என்றார் தேவசகாயம் இன்னும் சத்தமாக.

“அப்ப மறுபடி ஆடுவோம். போங்க அந்தப் பக்கம்!”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார் தேவசகாயம். அவளுக்கு எதிரே முழங்காலை வளைத்து நின்று, வெறுங்கையை நீட்டி, “போடு!” என்றார்.