நடுச்சுவர்

இந்தக் காலத்து ஆட்கள் வீடு கட்டும்போது காட்டும் வீறாப்பை, அது விரிசல் விடும்போது காட்டுவதில்லை. என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு மாசிலாமணிக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் நான் ஓர் ஆணி அடித்ததற்கு, சுவர் தன்னுடையது என்று கோர்ட்டுக்குப் போனவன் அவன். பதினாறு வருஷமாக இருவரும் அலைகிறோம். நாலு வருஷம் முன்பு பெய்த மழைக்கு அதன் உச்சியில் ஓர் அரசங்கன்று முளைத்தது. அரசைப் பிடுங்கினால் வம்சத்துக்கு ஆகாது என்பார்கள். அவனும் தொடவில்லை, நானும் தொடவில்லை. வேர் இறங்கி, இப்போது என் கட்டிலுக்கு மேலே கை நுழையும் அளவுக்குச் சுவர் பிளந்திருக்கிறது.

இன்று காலை போய், "உன் சுவருதானப்பா, நீயே பிடுங்கிப் போடு" என்றேன்.

"அதெல்லாம் பழைய கதைண்ணே. சுவரு உங்களுதுதான்."

"எப்பயிலிருந்து?"

உள்ளே போய் ஒரு முத்திரைத்தாளோடு வந்தான். எழுதி, கையெழுத்தும் போட்டுத் தயாராக வைத்திருந்தான்.

"வாங்கிக்கங்கண்ணே, இதுக்குத்தானே இத்தனை வருஷம் அலைஞ்சீங்க" என்றாள் அவன் மனைவி.

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். சுவர் என்று இருந்தது, என் பெயர் இருந்தது. கன்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அப்ப மரம் யாருது?"

"சுவரு யாருதோ அவங்களுது."

தாளை அவன் கையிலேயே திணித்துவிட்டு நடந்தேன்.

"விழுந்தா உங்க மேலதாண்ணே விழும்" என்றான் பின்னாலிருந்து.

விழட்டும். அவன் சுவராகவே விழட்டும்.