ரெண்டு இழுப்பு

சிங்காரவேலு வூட்டு பாத்ரூம் குழாய் அடைச்சுக்கிச்சு. உடையார்பாளையத்துல வேற எந்த பிளம்பரும் அந்த வூட்டுக்குப் போகமாட்டேன்னுட்டாங்க. நான் போனேன்.

சித்திரையில அவர் வூட்டு செப்டிக் டேங்க்ல இறங்கின என் தம்பி கலைச்செல்வன் உயிரோட மேல வரல. நான் பக்கெட் எடுக்கப் போன நேரத்துல கயித்தைப் பிடிச்சிருந்தவர் சிங்காரவேலுதான். கயித்தை மூணு தரம் இழுத்தா 'தூக்கு'ன்னு அர்த்தம். ரெண்டு தரம் இழுத்தா 'இன்னொரு ஆளை இறக்கு'.

"மூணு தரம் ஆட்டினான்ப்பா. விளையாடுறான்னு நெனச்சேன். அதுக்குள்ள போன் வந்துருச்சு" என்று என்கிட்டயே சொன்னார்.

குழாய்க்குள்ள ஸ்பிரிங் கம்பியை விட்டேன். பத்தடி போனதும் யாரோ பிடிச்ச மாதிரி நின்னுச்சு. அப்புறம் உள்ளேயிருந்து இழுத்துச்சு. ஒண்ணு. ரெண்டு. மூணாவதுக்குக் காத்திருந்தேன். வரல.

"என்னப்பா, அடைப்பு போயிருச்சா?" என்று சிங்காரவேலு உள்ள வந்தார்.

"இதைக் கொஞ்சம் கெட்டியா பிடிங்கய்யா. பக்கெட் எடுத்துட்டு வந்துடுறேன்."

கம்பியை அவர் கையில குடுத்துட்டு வெளியில வந்து கதவைச் சாத்தினேன்.

உள்ள அவர் போன் அடிச்சுது. அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.