ஆடு கடிக்காத செடி

ஸ்டாண்டில் சாய்த்திருந்த கரும்பலகையில் வரைந்திருந்த மலையை அழிக்க டீச்சர் துணியை எடுத்தபோது, வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஒரு கையில் ஆட்டுக்குட்டி. மறு கையில் வேரோடும் மண்ணோடும் இரண்டு செடிகள்.

மலையை அழித்துவிட்டால் அவ்வளவுதான். மழையும் வெயிலும் மாறிப்போன கதையைச் சொல்லும் இந்தப் பாடத்துக்கு இன்றே கடைசி நாள்.

ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஆசையாகத் தொடங்கியது. பாதிப் பிள்ளைகள் மந்தையோடு போய்விட்டார்கள். மீதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

“காலி பெஞ்சுக்கு எதுக்கும்மா தொண்டை கிழியக் கத்துறீங்க? அடுத்த வாரத்துலேர்ந்து கணக்கு நடத்துங்க” என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

போதாக்குறைக்கு, ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் நட்ட கன்றுகளை ஏதோ ஒரு மந்தை மொட்டையடித்துக்கொண்டிருந்தது. அதுவும் பார்த்து வைத்தாற்போல், இந்த வகுப்பு நடக்கிற புதன்கிழமைகளில் மட்டும்.

வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். குட்டியைத் தரையில் விட்டாள். அது நேரே போய், டீச்சர் கையிலிருந்த துணியின் நுனியைச் சப்பத் தொடங்கியது.

“இது உசுரோட இருக்குன்னா உங்களாலதான் டீச்சர். இங்க சொட்டு மழை இல்லேன்னாலும், மலையில பெய்ஞ்சா காஞ்ச ஆறு சொல்லாம கொள்ளாம வரும்னு சொன்னீங்களே! மலைப்பக்கம் கருத்திருந்துச்சு. ஆத்து மணல்ல கிடந்த ஆட்டுப்பட்டியை மேட்டுக்கு மாத்தச் சொன்னேன். ‘தலைக்கு மேல வெயில் அடிக்குது, உனக்கென்ன கிறுக்கா’ன்னு எங்க வீட்டுக்காரரு ஒரே சிரிப்பு. சாயங்காலமே தண்ணி வந்துடுச்சு. இப்பல்லாம் நான் அண்ணாந்து பாத்தாலே மனுசன் பாயைச் சுருட்டுறாரு.”

டீச்சர் குனிந்து குட்டியின் தலையைத் தடவினாள். யாரோ ஒரு பிள்ளை காதில் வாங்கி, வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறது. அது போதும்.

“உங்க பிள்ளை எந்த வகுப்பும்மா?”

அவள் நெளிந்தாள். செடிகளை மேஜை ஓரத்தில் வைத்தாள்.

“எனக்கு ஏது டீச்சர் பிள்ளை... இதை அங்க நட்டுடுங்க. இதுல ஆடு வாயே வைக்காது.”

டீச்சர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். மொட்டைக் குச்சிகளுக்கு நடுவே ஒரு மந்தை சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. மேய்ப்பதற்குத்தான் ஆளில்லை.

“நீங்க சொல்றது அங்க நல்லாவே கேக்குது” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. “படந்தான் தெரியல. பலகையைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமா திருப்பி வைக்கிறீங்களா?”

துணியைக் குட்டியின் வாயிலேயே விட்டுவிட்டு, டீச்சர் பலகையின் ஒரு முனையைப் பிடித்தாள்.