மூன்று அங்குலம்

"ரம்பம் உங்கண்ணன் தச்சுப் பட்டறையிலேருந்துதானே வந்துச்சு?"

மேனேஜர் தர்மராஜ் கத்திய கத்தலில் தெப்பக்குளத்து மாடி ஆபீஸே அதிர்ந்தது. அட்டெண்டர் ஹபீபுல்லா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டைப்பிஸ்ட் லூர்துராணியின் மேஜை, நான்கு காலும் சரியாக மூன்று அங்குலம் அறுபட்டு, குள்ளமாக நின்றது.

எழுபத்து மூன்றில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, ஐந்து வருடமாக அவள் குறைக்கச் சொல்லிக் கேட்டது அந்த மூன்று அங்குலத்தைத்தான். கையைத் தூக்கியே டைப் அடித்து அடித்து, காலையில் தலை பின்னக்கூடத் தோள் எழும்பாது. நாற்காலியில் இரண்டு பழைய லெட்ஜரைப் போட்டு உட்கார்ந்தால் கால் தரையில் படாது.

மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். 'இதற்கு முன் இதே மேஜையில் யாரும் அடிக்கவில்லையா?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டார் தர்மராஜ்.

"சனிக்கிழமை கடைசியா இருந்தது நீயும் இந்தம்மாவும். ஏன்யா, இந்தம்மாவா அறுத்திருக்கும்?"

கிளார்க்குகள் சிரித்தார்கள். லூர்துராணிக்கு முகம் பற்றிக்கொண்டு எரிந்தது.

"அல்லாஹ் மேல ஆணையா தெரியாது சார். சாயங்காலம் பள்ளிவாசல்ல அஸர் தொழுதுட்டு வந்து பூட்டிட்டுப் போனேன், அவ்வளவுதான்."

"பாலக்கரையில பட்டறை வச்சிருக்கிறது யாரு, நானா? பாவம் பார்த்து அறுத்துக் குடுத்திருக்கே. கம்பெனி சொத்துய்யா இது!"

"சார், நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் லூர்துராணி.

"உங்களை யாரும் கேக்கலை. இவனை சஸ்பெண்ட் பண்றேன், ஆர்டர் அடிங்க. அதுக்குத்தானே இருக்கீங்க?"

உட்கார்ந்தாள். முழங்கை இடுப்போரம் தானாக இறங்கிக்கொண்டது, மணிக்கட்டு மடங்கவில்லை. இத்தனை நாள் தோளில் தேங்கிக் கிடந்த கோபம் மொத்தமும் விரலுக்கு வந்துவிட்டது. இவ்வளவு வேகமாக அவள் அடித்ததே இல்லை.

அவள் அடித்த தாளை தர்மராஜ் படித்துப் பார்ப்பதில்லை, பிழை இருக்காது. கையெழுத்தைக் கிறுக்கி, முத்திரை குத்தி, ஹபீபுல்லாவிடம் நீட்டினார்.

"மூணு பொண்ணுங்க சார் எனக்கு..." அவர் அதை வாங்காமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

லூர்துராணி எழுந்து வந்து குறுக்கே கையை நீட்டினாள்.

"இங்க குடுங்க சார். அறுத்தவ பேரைத்தான் அடிச்சிருக்கேன்."