அக்கரையில் தங்கை

செவலி என்ற மானும் அவள் தங்கை பூவரியும் ஆற்றைக் கடக்கும்போது ஒரு முதலை துரத்தியது. ஆளுக்கொரு கரையில் ஏறித் தப்பினார்கள். காலில் கடிபட்ட பூவரியால் அதன் பிறகு நீந்த முடியவில்லை.

செவலி தினமும் தண்ணீர் வரை வருவாள். அக்கரையில் தங்கை சிறு புள்ளியாகத் தெரிவாள். உடனே முதலையின் வாய் நினைவுக்கு வரும். நெஞ்சு படபடக்கும். திரும்பிவிடுவாள்.

ஒரு நாள் கரையேறிய ஆமையிடம் கேட்டாள். "அண்ணா, அந்த முதலை இப்போ எங்கே இருக்கு?"

"அது செத்து மூணு கோடை ஆச்சே! இத்தனை நாளா நீ யாரையும் கேட்கலையா?"

"இல்லண்ணா. எனக்குத்தான் தெரியுமேன்னு இருந்துட்டேன்."

செவலி ஆற்றில் இறங்கினாள். அப்போதும் நெஞ்சு படபடத்தது. "படபடக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே நீந்தினாள்.

பூவரி நொண்டியபடி ஓடிவந்து கழுத்தோடு கழுத்து உரசினாள். அவள் பின்னால், அவள் உயரத்துக்கே வளர்ந்த ஓர் இளமான் நின்றது.

"இது யாரு?"

"என் மக, அக்கா."

இளமான் தயங்கி வந்து செவலியின் ஈர முதுகை முகர்ந்தது.

"தினமும் அங்கே நின்னு பார்த்துட்டுத் திரும்பிப் போவாங்களே, அந்தப் பெரியம்மாவாம்மா?"