தளபதி பொய் எழுத மாட்டார்

"'நான் ஆற்றைக் கடந்தேன்'னா எழுதியிருக்கே? அழிடா அதை! 'வெத்தூரியஸ் ஆற்றைக் கடந்தார்'னு எழுது. வேற எவனோ பாராட்டுற மாதிரி இருக்கணும்."

ரோமானியத் தளபதி வெத்தூரியஸ் கூடாரத்தில் சாய்ந்தபடி மதுவில் தண்ணீர் கலந்துகொண்டிருந்தார். கிரேக்க அடிமை எர்மியாஸ் எழுத்தாணியைத் திருப்பி, மெழுகுப் பலகையில் இருந்த 'நானை' வழித்துத் தேய்த்தான். ஹிஸ்பானியா மலைநாட்டுக்குப் போருக்கு வந்த நாளிலிருந்து இதே பிழைப்புதான். வெட்டியது வீரர்கள், எழுதியது இவன், பெயர் மட்டும் அவருக்கு.

"நேத்துச் சண்டையில செத்த மலைக்காரங்க எத்தனை?"

"நாலாயிரத்துச் சொச்சம்தான், எஜமான்."

வெத்தூரியஸின் முகம் தொங்கிப்போனது. ஒரே போரில் ஐயாயிரம் எதிரிகள் விழுந்தால்தான் ரோமில் வெற்றி ஊர்வலம். ஊர்வலம் நடக்கிற அன்றைக்கே எர்மியாஸுக்கு விடுதலை என்று வாக்குக் கொடுத்திருந்தார். அது நடக்காவிட்டால் சாகும்வரை மெழுகைச் சுரண்ட வேண்டியதுதான்.

"ஐயாயிரம்னே போட்டுடறேனே, எஜமான். ரோம்லேருந்து யாரு வந்து பொணத்தை எண்ணப் போறாங்க?"

"வாயை மூடு! ரோமுக்குள்ள நுழையறப்போ, கணக்கு உண்மைன்னு தெய்வத்து மேல சத்தியம் பண்ணணும். என்னைப் பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்றியா?"

இத்தனை நாள் இல்லாத யோக்கியம் இன்றைக்கா வர வேண்டும்? எர்மியாஸ் பலகையைக் கீழே வைத்தான். சட்டென்று அவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

"உங்களுக்கு இது போனா இன்னொரு போர் வரும், எஜமான். எனக்கு வேற வழியே இல்லை. தவழ்ற பொண்ணை விட்டுட்டு வந்தேன். இப்ப அவ முகமே மறந்துபோச்சு. எப்படியாவது மனசு வையுங்க!"

வெத்தூரியஸ் மதுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், காவலில் நின்ற படைத்தலைவன் ரூஃபியஸின் காதில் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"கண்ணைத் துடைச்சுக்கோ. ஐயாயிரம்னு எழுது."

எர்மியாஸ் அவர் கையை முத்தமிட்டான். எழுதி முடித்த பிறகுதான் பயம் வந்தது.

"சத்தியம் பண்றப்போ சமாளிச்சுக்குவீங்களா, எஜமான்? பொய்யாச்சே?"

"எவன்டா பொய் எழுதச் சொன்னது?" வெத்தூரியஸுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "போர் முடிஞ்சுதுன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே!"

வெளியே, நேற்றே ஆயுதங்களைக் கீழே போட்டுச் சரணடைந்துவிட்ட மலைக்காரர்களை, பெண்டு பிள்ளைகளோடு வீரர்கள் ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். ரூஃபியஸ் நேற்று விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்தான்.