ஒண்ணுமே புரியல அக்கா

"இதோ பாரு, நீ ஃபெயிலானா அதுக்கு உன் ஓரகத்திதான் காரணமா இருப்பா. இப்பவே சொல்லிட்டேன்."

கணவன் சொன்னதை மூத்தவளால் மறுக்க முடியவில்லை.

அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைத் திருப்பிப் படுக்கவைப்பது. கை பழகின வேலைதான். திடீரென்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வருஷக் கடைசிக்குள் பராமரிப்புச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். வாங்காதவர்கள் துணி துவைக்கிற பகுதிக்குப் போய்விட வேண்டும்.

எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவள். வீட்டுக்கு வந்து அழுதே விட்டாள்.

"துவைக்கவே போயிடறேன். எங்க இல்லத்துல, முன்னாடி கப்பல்ல வேலை பாத்த அந்தக் கப்பல்காரப் பெரியவரை நினைச்சாத்தான் மனசு கேக்கல. நான் ஊட்டினாத்தான் அவர் வாயைத் திறப்பார்."

அப்போதுதான் அதே வீட்டிலிருந்த ஓரகத்தி, இளையவள், சொன்னாள்: "எங்க இல்லத்துலயும் அதே கதைதான் அக்கா. நீங்க படிங்க. நான் உங்களைப் பிடிச்சுக்கிட்டே கரையேறிடறேன்."

இளையவளுக்கு வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம், இன்னொரு முதியோர் இல்லத்தில். மூத்தவளின் இல்லத்துக்குப் பாடம் நடத்த வருகிற பயிற்சி டீச்சர்தான் அங்கேயும் போவார். நாள்தான் வேறு.

அன்றைக்குப் பிடித்தது வினை. சாயங்காலம் மூத்தவள் சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தைப் பிரித்தால் போதும், இவள் வந்து நிற்பாள்.

"ஒண்ணுமே புரியல அக்கா."

"எதுடி புரியல?"

"எல்லாமேதான். படுத்திருக்கிறவரைத் திருப்பணும்னா திருப்பிட வேண்டியதுதானே? அவர்கிட்ட எதுக்குக் கேக்கணும்?"

"கேக்காம உன்னை உருட்டினா நீ சும்மா இருப்பியா? உடம்பு அவரோடது இல்லையா?"

"அட, ஆமா! சரி, சாப்பாடு வேணாம்னு சொன்னா விட்டுடலாமா?"

"ஏன் வேணாங்கறார்னு பாக்கணும். வாய்ல புண்ணா, பல்செட்டு குத்துதா, இல்ல மனசு சரியில்லையா..."

"இதெல்லாம் புக்குல இருக்கா?"

மூத்தவள் தேடிப் பார்ப்பாள். இருக்கும். வேறு வார்த்தைகளில் இருக்கும்.

மறுநாள் இளையவள் அதையே புதுசு மாதிரி கேட்பாள். சில கேள்விகளுக்கு மூத்தவளுக்கே பதில் தெரியாது. சின்னவளிடம் எப்படித் தெரியாது என்று சொல்வது? மத்தியான இடைவேளையில், சாப்பிட்ட கையோடு, முன்கூட்டியே படித்துவைக்க ஆரம்பித்தாள்.

செய்முறைக்கும் இளையவள்தான் நோயாளி. சோபாவில் கட்டையாய்க் கிடப்பாள். மூத்தவள் தோளிலும் இடுப்பிலும் கைவைத்துத் திருப்பினால், கூச்சம் தாங்காமல் நெளிந்து சிரிப்பாள்.

"நோயாளி இப்படிச் சிரிச்சா எப்படிங்க பாஸ் ஆகறது?" என்று கணவன் பக்கம் திரும்புவாள் மூத்தவள். அவன் தலையில் அடித்துக்கொள்வான்.

நடுவில் ஒருநாள் டீச்சர் இல்லத்துக்கு வந்து, அவள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். பதற்றத்தில், உடை மாற்றும்போது திரையை இழுத்துவிட மறந்துபோனாள். "இதை இன்னொரு நாள் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் டீச்சர்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைத் தூக்கி அலமாரி மேலே போட்டாள்.

"போதும். விட்டுட்டேன்."

இளையவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்ப என் கதி? டீச்சர் சொன்னா எனக்கு ஏற மாட்டேங்குது. நீங்க சொன்னாத்தானே ஏறுது."

"ஒரு மரமண்டையைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன்" என்று முணுமுணுத்தபடியே ஸ்டூல் போட்டு ஏறிப் புத்தகத்தை எடுத்தாள் மூத்தவள்.

கடைசிப் பரீட்சையும் வந்தது. கப்பல்காரப் பெரியவரைத் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னார் டீச்சர். மூத்தவள் முதலில் திரையை இழுத்தாள். பிறகு அவர் காதருகே குனிந்து, "ஐயா, இந்தப் பக்கம் திருப்பட்டுமா?" என்று கேட்டாள். அப்புறம் டீச்சர் கேள்விகளை ஆரம்பித்தார். ஒன்றுகூடப் புதுசாக இல்லை. அவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து விழுந்தது.

"பாஸ்மா. ரொம்ப நல்லா பண்ணினீங்க."

மூத்தவள் தயங்கினாள். "டீச்சர், ஒரு சின்ன உதவி. பாலத்துக்கு அந்தப் பக்க இல்லத்துல எங்க ஓரகத்தி இருக்கா. கொஞ்சம் மந்தம்தான். ஆனா பாவம், நல்லா வேலை செய்வா. அவளைக் கொஞ்சம் பாத்துப் போடுங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். மூத்தவள் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள் இளையவள். "என்ன ஆச்சு அக்கா?"

"நான் பாஸ்."

இளையவள் குதித்த குதியில், உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கணவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"உன் ரிசல்ட்டையும் கேட்டேன்டி. நீ ஃபெயிலாம்."

"ஃபெயிலா? அது எப்படி? போன வருஷம் எனக்கு முதல் மார்க் போட்டதே அவங்கதானே..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கணவன் கையிலிருந்த செய்தித்தாள் மெல்ல மேலே ஏறி அவன் முகத்தை மூடியது.

"டீச்சர் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க" என்றாள் மூத்தவள். "முதல் மார்க் வாங்கிட்டு அதை ஏன்டி வீட்டுல மறைச்ச?"

இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன வருஷம் ரிசல்ட் வந்த அன்னைக்கே சொல்லத்தான் ஓடி வந்தேன் அக்கா. நான் உள்ள நுழையறப்ப நீங்க மாமாகிட்ட, 'இந்த ஜென்மத்துல எனக்குப் படிப்பு வராதுங்க'ன்னு சொல்லிட்டிருந்தீங்க. அதுக்கப்புறம் சொல்ல எனக்கு வாய் வரல."